ஒன்றரை நொடி

பிப்ரவரி. பிரனீஸ் மலையின் அரகோன் பக்கம்.
பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காப்பி
உதட்டுக்கு வருவதற்குள் ஏடு கட்டுகிறது.
எதிரே செங்குத்தாய் ஒரு பாறைச் சுவர்,
நடுவில் அரைக் கிலோமீட்டர் வெறும் காற்று.
ஓரோசியா தன் தொலைநோக்கிக்குப்
பழைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டியிருக்கிறாள்,
அதற்கும் குளிருமாம்.

நான் சம்பளத்துக்குப் பார்ப்பவன்.
அவள் ஆட்டுக்காரி.
செத்த ஆடுகளின் கால்களைக் கோணியில் கட்டி
மாதம் ஒருமுறை மேலே அந்தத் திட்டில் கொட்டிவிட்டு வருவாள்.
"போட்டவள் கணக்குப் பார்க்க வேண்டாமா?"
இதைத் தவிர வேறு காரணம் அவள் சொன்னதில்லை.

பத்து மணிவரை பிணந்தின்னிக் கழுகுகள்தாம்.
வெயில் ஏறாமல் இறக்கையைப் பிரிக்காத சோம்பேறிகள்.
எச்சத்தால் வெள்ளையடித்த விளிம்பில்
கழுத்தைத் தோளுக்குள் செருகிக்கொண்டு
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல
ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.
பதினெட்டு.
இல்லை, பதினேழு. ஒன்று பாறை.
பதினேழு என்று எழுதினேன்.

பிறகு ஒரு நிழல்
பனிமேல் ஓடி
பாறை இடுக்கில் மடிந்து
மறுபடி நீண்டது.
"வந்துட்டான்."

எலும்புடைப்பான் என்று இங்கே பெயர்.
இறக்கையை ஒருமுறைகூட அடிக்கவில்லை;
ஆப்பு போன்ற வாலை மட்டும் லேசாகத் திருகி
மலையின் மடிப்புகளைத்
துணிக்கடைக்காரன் விரல்போலத் தடவிக்கொண்டே போனது.
நெஞ்சு உண்மையில் வெள்ளை.
எங்கோ துருச்சேற்று ஊற்றில் புரண்டு
செம்மண் பூசிக்கொண்டு வருகிறது.
ஏன் என்பதற்கு
ஆய்வாளர்கள் மூன்று காரணம் வைத்திருக்கிறார்கள்.
ஓரோசியாவிடம் நாலாவது இருக்கிறது:
"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை."

காலில் ஓர் எலும்பு, உடலுக்கு நேர்கோட்டில்.
வட்டமிட்டு உயர்ந்தது. உயர்ந்தது.
விட்டது.

கண்ணாடிக்குள் எலும்பு
சத்தமில்லாமல் கல்லில் பட்டுத் துள்ளியது.
ஒன்றரை நொடி.
அப்புறம்தான் 'டக்'.
பக்கத்துப் பள்ளத்தாக்கில் யாரோ கதவைச் சாத்தியதுபோல.

ஒன்பது குளிர்காலமாக
எனக்குப் பழகாதது இது ஒன்றுதான்.
கண்ணுக்கு முடிந்துவிட்டது,
காதுக்கு இன்னும் நடக்கவே இல்லை.

உடையவில்லை. இறங்கி எடுத்தது, ஏறியது, விட்டது.
மூன்றாம் முறை.
நான்காம் முறை.
"கரேத்தாவின் முன்னங்கால்" என்றாள் ஓரோசியா.
"அந்த வளைவைப் பார்."

எனக்கு வளைவு எதுவும் தெரியவில்லை.
அறுபது மடங்கு பெருக்கினாலும்
அது நடுங்கும் ஒரு வெள்ளைக் கோடு.

முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட ஆடாம்.
ஆறு வருஷத்துக்கு முன் சரளைச் சரிவில் உருண்டு
கால் முறிந்தது.
வெட்டிவிடு என்றான் அண்ணன்.
இரண்டு குச்சியும் புருஷனின் பெல்ட்டும் வைத்துக் கட்டினாள்.
கோணலாய்க் கூடிற்று.
அப்புறம் நான்கு ஈற்று.
"பெல்ட்தான் திரும்பி வரலை, தின்னுடுச்சு."

ஏழாவது முறை
துள்ளியது ஒன்று, விழுந்தது இரண்டு.
டக்.
"எந்த இடத்தில்?" கண்ணை எடுக்காமல் கேட்டாள்.
தெரியவில்லை என்றேன்.
"கீழே. நான் கட்டின இடத்தில் இல்லை."

பறவை இறங்கி நடந்தது,
செருப்பு பெரிதாகிப்போன சிறுவனைப்போல.
சின்னத் துண்டு ஒரே விழுங்கில் போயிற்று.
நீளத் துண்டைக் கவ்வி அண்ணாந்தது.
பாதி இறங்கி நின்றது.
கழுத்தை இடப்பக்கம் சாய்த்தது,
நிறுத்தி,
வலப்பக்கம் திருப்பியது.
கட்டில் ஒன்றைக் குறுகலான மாடிப்படியில்
இறக்குபவர்கள் செய்வதுபோல.
அதற்கப்புறம்தான் உள்ளே போனது.

நேரான எலும்புக்கு
அவ்வளவு திருப்பம் வேண்டியதில்லை.

11.52, வளர்ந்த பறவை, ஏழு வீச்சு என்று எழுதினேன்.
ஓரோசியா காலுறையை
மேலே இழுத்துவிட்டாள்.
சற்றுப் பொறுத்து
ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது.

வெயில் விளிம்பைத் தொட்டது.
பிணந்தின்னிகள் ஒவ்வொன்றாகக் காற்றில் சாய்ந்தன.
எண்ணினேன்.
பதினைந்து, பதினாறு, பதினேழு,
கடைசியில்
பாறையும் பறந்தது.